சி ஷிப்ட் முடிந்து வரும் தங்கைகளுக்கு

சிங்கப்பெருமாள் கோவிலில் அறை எடுத்துத் தங்கி, ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் மறைமலை நகருக்கும் கம்பெனி பஸ்ஸில் போய்வரும் பெண்களுக்கு,



ஜி.எஸ்.டி. சாலையிலிருந்து ஒரகடம் சாலை பிரியும் இடத்தில், கழுத்தில் அடையாள அட்டையும் தோளில் பையுமாக நீங்கள் பஸ்ஸுக்கு நிற்பதைப் பார்க்காமல் இந்த ஊரில் யாருக்கும் ஒரு நாள் கழியாது. திருவண்ணாமலை, விழுப்புரம், கள்ளக்குறிச்சி என்று பல பக்கங்களிலிருந்தும், ஒடிசா, ஜார்க்கண்ட் என்று வெகு தூரத்திலிருந்தும் வந்திருக்கிறீர்கள். எங்கள் வீட்டு மாடியிலும் உங்களில் சிலர் குடியிருக்கிறார்கள். அவர்களோடு பேசிக்கொண்டிருந்ததில்தான் உங்கள் எல்லோருக்கும் இதை எழுத வேண்டும் என்று தோன்றியது.

போனில் வரும் விளம்பரங்களைப் பார்த்து மஞ்சள் மாத்திரை டப்பாக்களையும், இஞ்சிச் சாறு அடைத்த சின்னக் குப்பிகளையும் வாங்குகிறீர்கள். உடம்பு வலி போகும், தொப்பை குறையும், முகம் பளபளக்கும், நோயே அண்டாது என்று அதில் போட்டிருக்கிறது. ஓ.டி. பார்த்துச் சேர்த்த காசு அதில் போகிறது. வாங்க வேண்டாம் என்பதுதான் என் வேண்டுகோள். மஞ்சளும் இஞ்சியும் சுக்கும் உங்கள் அறையில், உங்கள் கையால் போட்டுக் குடிக்க வேண்டியவை. அதுவும் வீட்டில் அம்மா போடும் அதே அளவில். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். மீதியெல்லாம் அதற்கான காரணமும் கைப்பக்குவமும்.

மஞ்சளின் கணக்கை முதலில் பார்த்துவிடுவோம். மஞ்சளுக்கு நிறம் கொடுப்பது குர்குமின். மஞ்சளின் மருத்துவ குணங்கள் என்று பேசப்படுபவற்றில் பெரும்பாலானவை இதன் பெயரில்தான் பேசப்படுகின்றன. மஞ்சள் தூளில் இது சுமார் 3 சதவீதம் இருக்கும். ஒரு டம்ளர் பாலுக்குக் கால் டீஸ்பூன் தூள் போட்டால் அது முக்கால் கிராம். அதில் குர்குமின் 20 மில்லிகிராமை ஒட்டி வரும். மாத்திரைகளில் 500, 1000 மில்லிகிராம் என்று அடைத்து வருகிறது. அந்த அளவைத் தூளாகச் சாப்பிட வேண்டுமானால் ஒரே நாளில் 16 கிராமிலிருந்து 33 கிராம் வரை மஞ்சளை விழுங்க வேண்டும். எந்த வீட்டிலும் யாரும் அப்படிச் சாப்பிட்டதில்லை. உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா. உணவு வேளாண் அமைப்பும் சேர்ந்து வைத்திருக்கும் நிபுணர் குழு, உடல் எடையில் கிலோவுக்கு 3 மில்லிகிராம் குர்குமின்தான் ஒரு நாளைய வரம்பு என்கிறது. 50 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு அது 150 மில்லிகிராம். குழம்பு, பொரியல், இரவில் ஒரு டம்ளர் பால் என்று எல்லாம் சேர்ந்தாலும் இந்த வரம்புக்குள் வசதியாக அடங்கிவிடும். மாத்திரை ஒன்றே அதைத் தாண்டிவிடும்.

மஞ்சளோடு மிளகு சேர்க்கச் சொல்வதற்கும் காரணம் உண்டு. குர்குமின் தண்ணீரில் கரையாது. குடல் அதை அவ்வளவு எளிதில் உள்ளே விடாது. விட்டதையும் கல்லீரல் உடனே மாற்றி வெளியே தள்ளிவிடும். பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் 1998-இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். 2 கிராம் குர்குமினோடு, மிளகிலுள்ள பைப்பரினை 20 மில்லிகிராம் சேர்த்துக் கொடுத்தபோது, உடம்பில் சேரும் குர்குமின் 2000 சதவீதம் கூடியது. அதன் பிறகு மாத்திரைக்காரர்கள் பலரும் டப்பாவில் மிளகுப் படம் போடத் தொடங்கினார்கள். ஆனால் உடம்பு வேண்டாம் என்று கழிக்கப் பார்க்கிற ஒன்றை, அதுவும் இவ்வளவு அதிகமாக, கழிக்கவிடாமல் பிடித்து வைப்பது எல்லோருக்கும் நல்லதாக முடிவதில்லை. மஞ்சள் மாத்திரைகளால் கல்லீரல் பாதிக்கப்பட்ட 10 பேரைப் பற்றி அமெரிக்க மருத்துவர்கள் 2022-இல் எழுதினார்கள். அவர்களில் 5 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள், ஒருவர் இறந்தே போனார். ஆஸ்திரேலிய மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையும் 2023-இல் இதே எச்சரிக்கையை விடுத்தது. இத்தாலியில் அதற்கும் முன்பே இப்படி நடந்தது. இவர்கள் யாரும் மஞ்சள் பால் குடித்துப் பாதிக்கப்பட்டவர்கள் அல்லர். மாத்திரை சாப்பிட்டவர்கள்.

சரி, அவ்வளவு குர்குமின் உள்ளே போனால் சொன்னதெல்லாம் நடக்கிறதா என்றால், அதற்கும் உறுதி இல்லை. 2017-இல் வேதியியல் அறிஞர்கள் சிலர், அதுவரை குர்குமின் பற்றி வந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்துப் பெரிய கட்டுரை ஒன்று எழுதினார்கள். நூற்றுக்கு மேற்பட்ட மருத்துவச் சோதனைகள் நடந்திருந்தும், கண்டிப்பான முறைப்படி நடந்தவற்றில் இதன் பலனை ஐயமில்லாமல் நிரூபித்தது ஒன்றும் இல்லை என்பது அவர்கள் முடிவு. மூட்டு வலிக்கு ஓரளவு உதவுவதாகச் சொல்லும் ஆய்வுகள் இருக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் 22 வயதில் லைனில் நின்று நின்று கால் வலிக்கிற பெண்ணுக்கு வேண்டியது ஓய்வும், நல்ல செருப்பும், நடுவில் உட்கார ஒரு இடமும்.

அப்படியென்றால் மஞ்சள் பால் எதற்கு என்று கேட்பீர்கள். தொண்டை கரகரக்கும்போது சூடாக ஒரு டம்ளர் பால் உள்ளே போனால் இதமாக இருக்கிறது, சளி இளகுகிறது, வயிற்றில் ஏதோ ஒன்று விழுந்த நிம்மதியில் தூக்கம் வருகிறது. சாப்பிடாமல் படுக்கப் போகிறவளுக்கு அந்தப் பாலே ஒரு வேளை ஆகாரம். இதையெல்லாம் நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை. வீட்டை விட்டு வந்து, காய்ச்சலில் தனியாகப் படுத்திருக்கும் பெண்ணுக்கு அறைத்தோழி ஒருத்தி மஞ்சள் பால் காய்ச்சிக் கொடுப்பதில் இருக்கிற மருந்தை எந்த டப்பாவிலும் அடைக்க முடியாது.

மஞ்சள் நம் சமையலறைக்குச் சொந்தமான அறிவு என்பதற்குச் சட்டப்படியான சான்றே இருக்கிறது. புண்ணை ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்தும் முறைக்கு 1995-இல் அமெரிக்காவில் மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையத்தின் பெயரில் காப்புரிமை கொடுத்தார்கள். நம் நாட்டு அறிவியல் தொழிலக ஆராய்ச்சிக் கழகம், மஷேல்கர் அதன் தலைவராக இருந்தபோது, பழைய நூல்களையும் ஆய்வுக் கட்டுரைகளையும் எடுத்துக்காட்டி அதை எதிர்த்தது. இது இந்தியாவில் காலங்காலமாக எல்லோருக்கும் தெரிந்தது என்று ஏற்றுக்கொண்டு 1997-இல் அந்தக் காப்புரிமையை ரத்து செய்தார்கள். அப்படி மீட்ட ஒன்றை, மாத்திரையாக்கி நமக்கே விற்கும்போது நாம் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை.

மஞ்சளை எங்கே, எப்படி வாங்குவது? இங்கே கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், ஏனென்றால் வீட்டில் செய்வதிலும் ஆபத்து இருக்குமென்றால் அது இந்த இடத்தில்தான். சமையலுக்கு உரியது விரலி மஞ்சள். குண்டு மஞ்சள் பூசுவதற்கு. கஸ்தூரி மஞ்சளும் முகத்துக்குத்தான், வாயில் போடக் கூடாது. பூஜைக்கு என்று மலிவாக விற்கும் தூளில் என்ன நிறம் கலந்திருக்கும் என்று சொல்ல முடியாது, அதையும் குடிக்கக் கூடாது. மஞ்சளை வயலில் தோண்டி, வேகவைத்து, வெயிலில் காயப்போட்டு, பிறகு உருட்டி மெருகேற்றுவார்கள். அந்த மெருகேற்றும் இடத்தில்தான் சில ஊர்களில், நிறம் எடுப்பாகத் தெரிய வேண்டுமென்று லெட் குரோமேட் பூசுகிறார்கள். அதில் இருப்பது ஈயம். ஈயம் உடம்பில் சேர்ந்தால் எலும்பில் தங்கும். பின்னாளில் கருவுற்றால் குழந்தைக்கும் போகும். உங்கள் வயதுப் பெண்களுக்கு இதைச் சொல்லியே ஆக வேண்டும். நம் நாட்டுச் சட்டப்படி ஒரு கிலோ மஞ்சளில் ஈயம் 10 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. தெற்காசிய நகரங்களில் எடுத்த மாதிரிகளைச் சோதித்து 2024-இல் வந்த ஆய்வில், பாட்னாவில் அதைப் போல நூறு மடங்குக்கு மேல் இருந்த மாதிரி கிடைத்தது. வங்கதேசத்தில் 2019-இல் சந்தையில் எடுத்த மஞ்சளில் ஏறத்தாழப் பாதியில் ஈயம் இருந்தது. அரசு சோதனை போட்டு, அபராதம் விதித்து, ஊர் ஊராகச் சொல்லிப் புரியவைத்ததில் 2021-இல் ஒன்றில்கூட இல்லாமல் போனது. மனம் வைத்தால் முடிகிற காரியம்தான்.

உங்களால் முடிந்தது இது. விரலி மஞ்சளாக வாங்குங்கள். ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றி அதில் ஒரு விரலியைப் போடுங்கள். நல்ல மஞ்சளிலிருந்து நிறம் இறங்காது. போட்டதுமே பளிச்சென்று மஞ்சள் நிறம் பிரிந்து வந்தால் அது பூசியது. தூளாக வாங்கினால் ஒரு டீஸ்பூன் தூளைத் தண்ணீரில் தூவி, கலக்காமல் விடுங்கள். தூள் அடியில் படிந்து மேலே வெளிர் மஞ்சளாக இருந்தால் சரி, தண்ணீர் முழுக்க அடர்ந்த நிறமாகிவிட்டால் சந்தேகம். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமே வீடுகளுக்குச் சொல்லும் சோதனைகள் இவை. ஆய்வுக்கூடச் சோதனைக்கு ஈடாகாதுதான், ஆனாலும் மோசமானதை ஓரளவு காட்டிக் கொடுக்கும். ஊருக்குப் போகும்போது அம்மா மிளகாய் மில்லில் அரைத்து வைத்திருக்கும் மஞ்சள் தூளில் ஒரு சின்ன டப்பா எடுத்து வருவது எல்லாவற்றிலும் நல்லது. ஈரோடு, சேலம் பக்கத்துப் பெண்கள் யாராவது அறையில் இருந்தால் உங்களுக்குக் கவலையே இல்லை. ஈரோட்டு மஞ்சளுக்கு 2019-இல் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது.

பால் காய்ச்சும் முறை எல்லோருக்கும் தெரியும். சில விஷயங்கள் மட்டும் சொல்கிறேன். தூளைக் கடைசியில் தூவாமல் பாலோடு சேர்த்து ஐந்து நிமிடம் சின்னத் தீயில் கொதிக்கவிடுங்கள், பச்சை வாசனை போய்விடும். குர்குமின் கொழுப்பில்தான் கரையும், ஆகவே ஆடை நீக்காத பால் நல்லது. மிளகு இரண்டைத் தட்டிப் போட்டால் போதும். டம்ளர் எவர்சில்வராக இருக்கட்டும். பிளாஸ்டிக்கில் ஏறிய மஞ்சள் கறை லேசில் போகாது.

இஞ்சி சேர்ப்பதாக இருந்தால் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பச்சை இஞ்சியில் புரதத்தைச் சிதைக்கும் ஒரு நொதி உண்டு. ஆறிய பாலிலோ வெதுவெதுப்பான பாலிலோ இஞ்சியைப் போட்டுச் சூடேற்றினால் பால் திரிந்து போகும். ‘பாக்கெட் பால் கெட்டுப்போச்சு’ என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போவீர்கள். முதலில் கால் டம்ளர் தண்ணீரில் இஞ்சியைத் தட்டிப் போட்டு நன்றாகக் கொதிக்கவிடுங்கள். கொதியில் அந்த நொதி செயலற்றுவிடும். பிறகு பாலை ஊற்றினால் ஒன்றும் ஆகாது. தேநீருக்கும் இதே முறைதான்.

இனி சுக்கு மல்லி காபி. உங்கள் வேலைக்கு இதைவிடப் பொருத்தமான பானம் வேறு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. பெயரில்தான் காபி, காபித் தூள் ஒரு துளி கிடையாது. சி ஷிப்ட் முடிந்து காலையில் அறைக்கு வருகிறீர்கள். பஸ் இறங்கிய இடத்தில் டீக்கடை. குளிருக்கும் அசதிக்கும் ஒரு டீ இதமாகத்தான் இருக்கிறது. ஆனால் டீயிலும் காபியிலும் இருக்கும் காஃபின் பாதியாகக் குறையவே ஐந்து மணி நேரம் ஆகும். காலை 7 மணிக்குக் குடித்த டீ மதியம் 12 மணிக்கும் பாதி பங்கு உடம்பில் வேலை செய்துகொண்டிருக்கிறது. வெளியே வெயிலும் வண்டிச் சத்தமும் இருக்க, உள்ளே இதுவும் சேர்ந்தால் தூக்கம் எங்கிருந்து வரும்? அதே நேரத்தில் சுக்கு மல்லி காபி குடித்தால் சூடும் காரமும் கிடைக்கும், தூக்கமும் கெடாது. டீயை ஷிப்டுக்குப் போகும் முன் வைத்துக்கொள்ளுங்கள்; திரும்பி வந்து படுக்கும் முன் சுக்கு.

இதற்கான பொடியை மாதத்துக்கு ஒரு முறை, எல்லோருக்கும் சேர்ந்து விடுமுறை கிடைக்கும் நாளில், அறையில் இருப்பவர்கள் சேர்ந்து செய்துகொள்ளலாம். 100 கிராம் கொத்தமல்லி விதை, 50 கிராம் சுக்கு, ஒரு டீஸ்பூன் மிளகு, ஐந்தாறு ஏலக்காய். விருப்பமிருந்தால் ஒரு டீஸ்பூன் சீரகம். நாட்டு மருந்துக் கடையில் சுக்கு வாங்கும்போது வெள்ளை வெளேரென்று இருப்பதைத் தவிர்த்துவிடுங்கள். பூச்சி வராமலிருக்கவும் பார்வைக்கு நன்றாக இருக்கவும் சுண்ணாம்பில் தோய்த்த சுக்கு அது. மண் நிறத்தில், சுருங்கி, உடைத்தால் நார் தெரிகிற சுக்கே நல்லது. எதுவானாலும் மேல்தோலைக் கத்தியால் சுரண்டி எடுத்துவிட வேண்டும். சுக்கின் தோல் ஆகாது என்பது பழைய மருத்துவர் வாக்கு. மண்ணும் சுண்ணாம்பும் பூஞ்சையும் தங்குகிற இடம் அதுதான் என்பதால் அந்த வாக்கைக் காப்பாற்றுவது நல்லதே.

சுக்கை அப்படியே மிக்ஸியில் போட்டால் பிளேடு போய்விடும். ஒரு துணியில் சுற்றி, அம்மிக் குழவியாலோ சுத்தியலாலோ முதலில் தட்டிக்கொள்ளுங்கள். மல்லியை வாணலியில் சிறு தீயில் வறுக்கவும். கையில் எடுத்தால் சுடவேண்டும், வாசனை அறையைத் தாண்டிப் போக வேண்டும், ஆனால் நிறம் கறுக்கக் கூடாது. கறுத்தால் கசக்கும். மிளகையும் அந்தச் சூட்டிலேயே போட்டுப் புரட்டி எடுங்கள். எல்லாம் நன்றாக ஆறிய பிறகு அரைக்க வேண்டும். சூடாக அரைத்தால் ஈரம் கோத்து, டப்பாவில் கட்டி தட்டிவிடும். மிகவும் மாவாக வேண்டாம், ரவை பதம் போதும். நைஸாக அரைத்தால் டம்ளரின் அடியில் சேறாகத் தங்கும். சுக்கின் நார் சல்லடையில் நிற்கும், அதைத் தூர எறிந்துவிடலாம்.

ஒன்றரை டம்ளர் தண்ணீருக்கு ஒரு டீஸ்பூன் பொடி. ஒரு டம்ளராக வற்றும்வரை கொதிக்க வேண்டும். கருப்பட்டியை அதோடு போட்டுக் கொதிக்கவைத்து வடிகட்டிவிட்டால் கருப்பட்டியின் மண்ணும் தூசியும் வடிகட்டியில் நின்றுவிடும். சமைக்கக் கூடாது என்று கண்டிப்பாக இருக்கும் விடுதிகளில் கெட்டில் மட்டும்தான் உண்டு. அங்கே இருப்பவர்கள் பிளாஸ்கில் பொடியும் கருப்பட்டியும் போட்டு, கொதிக்கும் தண்ணீர் ஊற்றி, மூடி வைத்து, கால் மணி நேரம் கழித்து வடிகட்டிக் குடியுங்கள். கொதித்த ருசி வராது, ஆனால் குடிக்கலாம். பாலை மட்டும் கெட்டிலில் ஊற்றாதீர்கள், பொங்கி வழிந்து மின்சாரத்தில் பட்டால் ஆபத்து.

கருப்பட்டியும் சர்க்கரைதான். அதில் இரும்புச் சத்து மலையாக இருக்கிறது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். நாளுக்கு ஒரு டம்ளர், அளவான இனிப்பு, அதற்கு மேல் வேண்டாம்.

பச்சை இஞ்சி காய்ந்து சுக்காகும்போது உள்ளே ஒரு மாற்றம் நடக்கிறது. இஞ்சியின் காரத்துக்குக் காரணமான ஜிஞ்சரால், காயக் காய ஷோகால் என்ற வேறொன்றாக மாறுகிறது. அது இன்னும் காரம். அதனால்தான் இஞ்சி போடும் அளவில் சுக்கைப் போட முடிவதில்லை.

இஞ்சிக்கு ஆய்வுகளின் ஆதரவு மஞ்சளைவிடக் கொஞ்சம் தெளிவாக இருக்கிறது. குமட்டலுக்கு அது உதவும் என்பது பல சோதனைகளில் வந்திருக்கிறது. உங்களுக்கு இன்னும் நெருக்கமான ஒன்று மாதவிடாய் வலி. முதல் மூன்று நான்கு நாட்கள், நாளொன்றுக்கு 750 மில்லிகிராமிலிருந்து 2 கிராம் வரை சுக்குத் தூள் எடுத்துக்கொண்ட பெண்களுக்கு வலி குறைந்தது என்று, அதுவரை நடந்த சோதனைகளைத் தொகுத்த ஒரு கட்டுரை 2015-இல் சொன்னது. ஒரு டீஸ்பூன் சுக்குத் தூள் கிட்டத்தட்ட 2 கிராம் வரும். ஆக, அரை டீஸ்பூன் வீதம் இரண்டு வேளை, வெந்நீரில் வெல்லத்தோடு. வலி தொடங்கும் நாளிலேயே குடிக்க ஆரம்பியுங்கள். லைனில் சூப்பர்வைசரிடம் சொல்லக் கூச்சப்பட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு எட்டு மணி நேரம் நிற்கிறவர்கள் உங்களில் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியும். மாதாமாதம் மயங்கி விழுமளவு வலி இருந்தால் சுக்கோடு நிறுத்தாதீர்கள், பெண் மருத்துவரைப் பாருங்கள். கருப்பையில் வேறு கோளாறு இருக்கலாம், அதைக் கண்டுபிடித்தால் சரிசெய்யவும் முடியும்.

இஞ்சிச் சாறு குடிப்பவர்கள் பழைய வழக்கத்தை விட்டுவிட வேண்டாம். சாறு பிழிந்ததும் ஒரு கிண்ணத்தில் அசையாமல் பத்து நிமிடம் வையுங்கள். அடியில் வெள்ளையாகப் படியும். வீடுகளில் அதைச் சுண்ணாம்பு என்பார்கள். உண்மையில் அது இஞ்சியின் மாவுச் சத்து. மேலே தெளிந்ததை மட்டும் சாய்த்து எடுத்து, தேனும் எலுமிச்சையும் கலந்து, ஒரு டீஸ்பூன் சாற்றுக்கு அரை டம்ளர் வெந்நீர் என்ற கணக்கில் குடிக்கலாம். வெறும் வயிற்றில் வேண்டாம். குப்பியில் வரும் சாற்றை அப்படியே வாயில் கவிழ்க்கச் சொல்கிறார்கள், அது மிகவும் தவறு. இரவில் கண் விழித்து, நேரம் தவறிச் சாப்பிட்டு, ஏற்கெனவே நெஞ்செரிச்சலில் இருக்கும் வயிற்றில் அதை ஊற்றினால் எரிச்சல்தான் கூடும்.

காலையில் இஞ்சி, பகலில் சுக்கு, மாலையில் கடுக்காய் என்பது நம் மருத்துவ மரபில் சொல்லும் முறை. அந்த மரபு உருவான காலத்தில் காலை என்றால் எல்லோருக்கும் காலை. இந்த வாரம் ஏ ஷிப்ட், அடுத்த வாரம் சி ஷிப்ட் என்று மாறிக்கொண்டே இருக்கும் உங்களுக்கு எது காலை? நீங்கள் தூங்கி எழுகிற நேரம்தான் காலை என்று வைத்துக்கொள்ளுங்கள். சூரியனைப் பார்க்க வேண்டாம்.

கோடை வந்துவிட்டால் சூடான பானத்தை நினைத்தாலே வேர்க்கும். அதற்கும் இதே சுக்கில் பதில் இருக்கிறது, அது நம் ஊர்ச் சாமியின் பானம். இங்கே குன்றைக் குடைந்த கோயிலில் இருக்கும் பாடலாத்ரி நரசிம்மரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நெற்றிக் கண்ணை அர்ச்சகர் தீபம் காட்டி விளக்குவார். உக்கிர மூர்த்தியான நரசிம்மரைக் குளிர்விக்கப் பானகம் படைப்பது பல ஊர் வழக்கம். ஆந்திராவில் மங்களகிரியில் பானகத்தைச் சாமியின் வாயிலேயே ஊற்றுவார்கள். ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் ஒரு கைப்பிடி வெல்லத்தைக் கரைத்து வடிகட்டி, ஒரு எலுமிச்சம்பழம் பிழிந்து, கால் டீஸ்பூன் சுக்குத் தூள், இரண்டு ஏலக்காய், இரண்டு சிட்டிகை உப்பு. வேர்வையில் போன தண்ணீரும் உப்பும் திரும்ப வரும். வயிற்றுப்போக்கு இருக்கும்போது மட்டும் இது வேண்டாம்; இனிப்பு அதிகம், போக்கு கூடிவிடும். அப்போது மருந்துக் கடையில் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் வாங்கி, அதில் அச்சிட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் கலக்க வேண்டும்.

இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. பிரேக் கிடைக்காது, கழிவறைக்குப் போனால் கணக்குக் கேட்பார்கள் என்று பயந்து, ஷிப்ட் முழுக்கத் தண்ணீரே குடிக்காமல் இருக்கிறீர்கள். சிறுநீர்க் கடுப்பும் கல்லும் அதனால் வருகின்றன. எந்தப் பானத்தாலும் அதை ஈடுகட்ட முடியாது. அறைக்கு வந்து குடிக்கும் ஒரு டம்ளர் மஞ்சள் பாலைவிட, லைனில் குடிக்கும் இரண்டு டம்ளர் தண்ணீர் முக்கியம். இதைத் தனியாக ஒருத்தி கேட்டால் கேட்காத காது, லைனில் எல்லோரும் சேர்ந்து கேட்டால் கேட்கும். சேர்ந்து கேளுங்கள். ஏற்கெனவே சிறுநீரகக் கல் வந்தவர்கள் தினமும் டீஸ்பூன் கணக்கில் மஞ்சள் சேர்க்க வேண்டாம், அதில் ஆக்சலேட் இருக்கிறது.

அடுத்து, ரத்த சோகையைப் பற்றி ஒரு வார்த்தை. தேசிய குடும்ப நல ஆய்வின் ஐந்தாவது சுற்றில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 53.4 சதவீதத்தினருக்கு ரத்த சோகை இருந்தது. உங்கள் அறையில் நான்கு பேர் என்றால் இரண்டு பேருக்கு இருக்கக்கூடும். தலைசுற்றலும் மூச்சுவாங்கலும் வந்தால், ‘எனர்ஜி’ வேண்டுமென்று எதையாவது வாங்கிக் குடிப்பதற்கு முன் ஹீமோகுளோபின் சோதித்துப் பாருங்கள். அதிக அளவு மஞ்சள் மாத்திரை, இரும்புச் சத்தைப் பிடித்துக்கொண்டு உடம்பில் சேரவிடாது; அப்படி ரத்த சோகை வந்தவரைப் பற்றி மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். ஆனால் தாய்லாந்தில் இளம் பெண்களிடம் நடத்தி 2006-இல் வெளியான ஆய்வில், ஒரு வேளை உணவில் அரை கிராம் மஞ்சள் சேர்த்தபோது இரும்பு சேர்வதில் குறைவு ஏதும் தெரியவில்லை. இங்கேயும் அம்மாவின் அளவு தப்பவில்லை பாருங்கள். இரும்புச் சத்து மாத்திரை சாப்பிடுபவர்கள் டீயோடு சேர்த்து விழுங்காதீர்கள். எலுமிச்சைச் சாற்றோடு சாப்பிட்டால் நன்றாகச் சேரும்.

பித்தப்பையில் கல் உள்ளவர்கள், ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவர்கள், வலிப்புக்கும் காசநோய்க்கும் மருந்து எடுப்பவர்கள் உணவில் சேர்வதற்கு மேல் மஞ்சளும் மிளகும் சேர்ப்பதற்கு முன் மருத்துவரிடம் கேளுங்கள். மிளகின் பைப்பரின் சில மருந்துகள் ரத்தத்தில் தங்கும் அளவையே மாற்றிவிடும். கருவுற்றிருப்பவர்களுக்குச் சமையல் அளவு போதும்.

2020-இல் கொரோனா வந்தபோது ஒன்றிய ஆயுஷ் அமைச்சகமே மஞ்சள் பால் குடிக்கச் சொன்னது. நம் ஊர்களில் கபசுரக் குடிநீர் தெருத்தெருவாகக் கொடுத்தார்கள். ‘இம்யூனிட்டி’ என்ற சொல் அப்போது நம் வீட்டுக்குள் நுழைந்து இன்னும் போகவில்லை. அந்தச் சொல்லை நம்பிக் காய்ச்சலை வளர்த்துக்கொள்ளாதீர்கள். சளி ஒரு வாரத்தில் தானே போகும், அதுவரை சுக்கும் பாலும் இதம் தரும். மூன்று நாளுக்கு மேல் காய்ச்சல், மூச்சுத் திணறல், மஞ்சளாகப் போகும் கண், அடர்ந்த நிறச் சிறுநீர், இவற்றில் ஒன்று இருந்தாலும் பானங்களை வைத்துவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும். ரயிலில் பரனூர் தாண்டினால் செங்கல்பட்டு, அங்கே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. சித்த மருத்துவம்தான் வேண்டும் என்றால் போனில் வரும் விளம்பரத்தை நம்பாமல் எதிர்ப்பக்கம் ரயில் ஏறுங்கள். தாம்பரம் சானடோரியத்தில் இறங்கினால் ஒன்றிய அரசின் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. முறையாகப் படித்த மருத்துவர்கள் நாடி பார்த்து, உங்கள் உடம்புக்கு எது ஆகும், எது ஆகாது என்று சொல்வார்கள்.

மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை வாங்கும் உங்களுக்கு இ.எஸ்.ஐ. பிடித்தம் போகிறது. காண்ட்ராக்டில் இருப்பவர்களுக்கும் உண்டு. சம்பளச் சீட்டை எடுத்துப் பாருங்கள். போதிய நாட்கள் பணம் கட்டியிருந்தால், மருத்துவர் சான்றின் பேரில் ஓய்வெடுக்கும் நாட்களுக்குச் சம்பளத்தில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாட்கள் வரை கிடைக்கும். லீவு போட்டால் சம்பளம் போய்விடுமே என்று சுக்குத் தண்ணீரைக் குடித்துவிட்டுக் காய்ச்சலோடு பஸ் ஏறுகிறவர்கள் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். கார்டு நம்பர் தெரியாதவர்கள் இந்த மாதச் சம்பளத்தன்றே எச்.ஆரில் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஊர் அக்கா
சிங்கப்பெருமாள் கோவில்